முப்பது மடங்கு

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் எனக்கு போன் வாங்கப் போனோம். அதற்கு முன் மூன்று வாரம் இரண்டு போன்களுக்கு நடுவில் நான் திண்டாடிக்கொண்டிருந்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. கம்பெனி வேறு, விலை ஏறக்குறைய ஒன்றுதான். கறுப்பில் கேமரா பிரமாதம் என்றார்கள். பச்சையில் சார்ஜ் இரண்டு நாள் நிற்கும் என்றார்கள். யூடியூபில் ஒருத்தன் கறுப்பைத் தூக்கிவைத்துப் பேசுவான், அடுத்தவன் அதையே கிழித்துத் தொங்கவிடுவான்.

"ரெண்டையும் கையில பிடிச்சுப் பாத்து ஒண்ண எடு எப்சி. ஒரு கணக்குக்குக் கூட நீ இவ்வளவு யோசிச்சதில்ல," என்றாள் அம்மா. அவள் சேலையூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர்.

கடை மேற்குத் தாம்பரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்த முதல் மாடியில். முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. எதிரே ஸ்டேஷன், அதன் மேல் ஆட்கள் கடக்கும் நடைமேம்பாலம். மாலை ஐந்தரை இருக்கும். எங்களைக் கவனித்தவர் சுபத்ரா என்ற அக்கா. இரண்டு போனையும் டிஸ்ப்ளேயிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் பச்சையை வாங்கலாம் என்று பாதி முடிவு செய்துவிட்டேன்.

"கறுப்புல ஜூம் பாத்துட்டு சொல்லுங்க. முப்பது மடங்கு," என்று சுபத்ரா அக்கா அம்மாவின் கையில் அதைக் கொடுத்தார். "அந்தப் பாலத்துல நிக்கிறவங்க மூஞ்சி கூடத் தெரியும்."

அம்மா சிரித்துக்கொண்டே கண்ணாடியருகே போனாள். பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து யாரோ ஒருவர் நின்றிருந்தார். வெறும் கண்ணுக்குச் சட்டையின் நீலம் மட்டும்தான் தெரிந்தது. அம்மா அவரைப் பார்த்து போனைத் தூக்கினாள். படம் எடுத்தாள். எடுத்த படம் ஒரு நொடி கலங்கலாக இருந்து, பிறகு பளிச்சென்று தெளிந்தது.

அம்மா அசையாமல் நின்றாள். அவ்வளவு நேரமாக நின்றதால் நான் பக்கத்தில் போனேன்.

"எப்சி," என்றாள். "அப்பா."

என் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெயர் எட்மண்ட். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது நாங்கள் தாம்பரத்துக்குப் பக்கத்தில் வரதராஜபுரத்தில் இருந்தோம். எனக்கு எட்டு வயது. விடியற்காலையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. அப்பா எங்கள் இரண்டு பேரையும் எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஏற்றிவிட்டு, சர்ட்டிபிகேட் பைலை எடுத்துவருகிறேன் என்று திரும்பிப் போனார். பைல் நான்கு நாள் கழித்து, தெருமுனையில் ஒரு முள்வேலியில் சிக்கிக் கிடைத்தது. அப்பா கிடைக்கவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை என்று எல்லா இடத்திலும் அம்மா தேடினாள். எதுவும் தெரியவில்லை.

அவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்தபோது பிடித்துக்கொண்ட ஈரமான தலைமுடி ஞாபகமிருக்கிறது. படங்களும் இல்லை. கல்யாண ஆல்பத்தின் பக்கங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டி, பிரித்தபோது முகங்கள் உரிந்து வந்துவிட்டன. பைலில் இருந்த பாஸ்போர்ட் சைஸ் படத்தில் சட்டைக் காலருக்கு மேலே வெறும் மஞ்சள் கறை. நாசரேத்தில் இருக்கும் காலேப் சித்தப்பா ஒரு பழைய குடும்பப் படத்தை அனுப்பியிருந்தார். அதில் அப்பா குனிந்து யாருடைய செருப்பையோ பார்த்துக்கொண்டிருக்கிறார். எப்போதும் அவர்தான் கேமராவைப் பிடிப்பாராம், அதற்கு முன்னால் வந்து நிற்கவே மாட்டாராம்.

ஆகவே அம்மா "அப்பா" என்று சொன்னபோது, அந்தத் திரையில் இருந்த ஆள் அவரா இல்லையா என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஒடுங்கிய கன்னம், அடர்ந்த மீசை, ஏதோ சொல்லவந்து நிறுத்தியது போன்ற வாய். நல்ல முகம். அம்மா போனை என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கி ஓடினாள். அவள் செருப்புச் சத்தம் கீழே கேட்டது.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பச்சை போனை எடுத்து, நானும் பாலத்தைப் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை அங்கேயே நின்றது. படம் எடுத்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஈரக் கையால் அழித்த சாக்பீஸ் போல ஒரு தடம்தான் இருந்தது. இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன், அதேதான். பிறகு ஒரு ரயில் வந்தது, பாலம் முழுக்க ஆட்கள். அம்மா மேலே ஏறிச் சேர்ந்தபோது அந்த ஆள் இல்லை.

அரை மணி நேரம் கழித்து வேர்த்து வழிய அவள் திரும்பி வந்தாள்.

"கறுப்பு போனே குடுங்க," என்றாள் சுபத்ரா அக்காவிடம். "அந்தப் படத்தையும் அதுல ஏத்திக் குடுத்துருங்க."

நான் பச்சை போனை டிஸ்ப்ளேயில் திரும்ப வைத்தேன்.

அதற்கப்புறம் தினமும் பள்ளியில் கோடை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்ததும் அம்மா என் போனை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். லீவு என்பதால் பல நாள் நானும் கூடப் போனேன். ஒன்றாம் பிளாட்பார முனையில் நின்றுகொண்டு, பாலத்தில் போகிறவர்களை ஒவ்வொருவராக எடுப்பாள். என் கேலரி முழுக்க முன்பின் தெரியாத முகங்கள் நிறைந்தன. எல்லா முகங்களும் அளவுக்கு மீறி தெளிவாக, கழுவித் துடைத்தது போல இருந்தன.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. பத்து வருஷமாக அம்மா அப்பாவைப் பற்றிப் பேசினதே இல்லை. குடும்ப ஜெபத்தில் மட்டும் "எட்மண்டைப் பத்திரமா காத்துக்கோங்க ஆண்டவரே" என்பாள், ஏதோ வெளியூர் போயிருப்பவரைச் சொல்வது போல. இப்போது அந்தப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினாள். அவருக்குக் கத்திரிக்காய் பிடிக்காது. கிட்டார் கற்றுக்கொள்ளப் போய் நான்கே நாளில் விட்டுவிட்டார். கோபம் வந்தால் இங்கிலீஷில் பேசுவார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். தனியாக இருக்கும்போது அந்த முகத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியில் என் முகத்தோடு வைத்துப் பார்த்தேன். மூக்கு ஒன்றுபோல இருப்பதாகத் தோன்றியது.

"வயசே ஆகல பாரேன்," என்றாள் அம்மா ஒருநாள். "அப்படியே இருக்காரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா இருந்தால் அவருக்கு இப்போது நாற்பத்தொன்பது வயது. படத்தில் இருந்த ஆளுக்கு நாற்பது கூட இருக்காது. அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்கு டீச்சர், அவளுக்கே தெரியாதா?

ஒன்பதாவது நாள் அந்த நீலக் கட்டச் சட்டையைப் பார்த்தோம். அதே இடம், அதே கைப்பிடி. எங்களுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்துச் சாய்ந்திருந்தார். அம்மா போனைத் தூக்கவில்லை. நேராகப் படியேறினாள். நான் பின்னாலேயே ஓடினேன். பக்கத்தில் போய் அம்மா கையை நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டாள்.

"எட்மண்ட்?"

அவர் திரும்பினார். ஐம்பதைத் தாண்டியவர். பாதி வழுக்கை, உருண்டை முகம், மீசையே இல்லை. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"யாரும்மா? என்ன வேணும்?"

அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். நான்தான், "சார், போன வாரம் செவ்வாக்கிழமை இந்த நேரத்துக்கு இங்க நின்னீங்களா?" என்று கேட்டேன்.

"தினமும் நிப்பேன். சிங்கப்பெருமாள் கோவில் ஊர்ல கம்பெனி வேலை முடிச்சு, ட்ரெயின்ல வந்து இங்க எறங்குவேன். வீட்டுக்காரம்மா கிண்டியிலேர்ந்து வருவாங்க. சேந்து மேடவாக்கம் பஸ் பிடிப்போம். நடுவுல நாலு நாள் ஊருக்குப் போயிருந்தேன், மத்த நாள்ல அந்தப் பக்கம் நெழல்ல நிப்பேன். ஏன், என்ன விஷயம்?"

நான் படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

"சட்டை என்னுது," என்றார் மெதுவாக. "இதோ, பாக்கெட்ல இந்த இங்க் கறை. இந்த வாட்ச் என்னுது, கை என்னுது. மூஞ்சி என்னுது இல்லியே." போனைச் சட்டென்று என்னிடம் நீட்டினார், சுட்டது போல. "யாரும்மா இது? என் சட்டையப் போட்டுக்கினு யாரு நிக்கிறாங்க?"

"என் வீட்டுக்காரர்," என்றாள் அம்மா.

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் பயந்திருந்தார்.

"என் பேரு சுப்ரமணியன். உங்கள எனக்குத் தெரியாது, அவரையும் தெரியாது. என் ஒடம்பு மேல இன்னொருத்தர் தலை வேணாம்மா. தயவுசெஞ்சு அழிச்சிடுங்க." அதற்குள் அவர் மனைவி படியேறி வந்துவிட்டார். சுப்ரமணியன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

நாங்கள் நேராகக் கடைக்குப் போனோம். சுபத்ரா அக்கா ஒளிக்காமல் சொன்னார்.

"அவ்வளவு தூரத்துல கேமராவுக்கு மூஞ்சி தெரியாது மேடம். கண்ணு, மூக்கு இருக்க வேண்டிய எடத்துல போனே ஒரு மூஞ்சிய யூகிச்சுப் போட்டுடும். கஸ்டமருக்குத் தெளிவாத் தெரியணும்ல."

"அது எப்படி அவரோட மூஞ்சியப் போடும்?" என்றாள் அம்மா.

சுபத்ரா அக்கா போனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடமே கொடுத்தார்.

"நான் போய் நிக்கிறேன்," என்றேன். "நீ இங்கேர்ந்து என்னை எடு."

ரோட்டைக் கடந்து பாலத்தில் ஏறி, சுப்ரமணியன் நின்ற இடத்தில் நின்றேன். கடைக் கண்ணாடிக்குப் பின்னால் அம்மா ஒரு புள்ளியாகத் தெரிந்தாள். கையை ஆட்டினேன். அந்தப் புள்ளி கொஞ்சநேரம் நின்றது, பிறகு இல்லை. திரும்பி வந்தபோது அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சுபத்ரா அக்கா தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றார்.

"காட்டும்மா."

"அழிச்சிட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"உன் சுடிதார்," என்றாள். "நீ இல்ல." அந்தப் படத்தில் இருந்தது யார் மாதிரி என்று இன்றுவரை அவள் எனக்குச் சொல்லவில்லை. நானும் இரண்டு முறைக்கு மேல் கேட்கவில்லை.

பிரித்த போனைத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். பழைய போன் விலைக்குக் கறுப்பை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு பச்சையைக் கொடுத்தார்கள். கொடுப்பதற்கு முன் கறுப்பில் இருந்ததையெல்லாம் அழிக்க வேண்டும். பாலத்து முகங்களை நானே மொத்தமாக அழித்தேன். கடைசியாக அந்தப் படம் மட்டும் இருந்தது.

"பச்சையில ஏத்திக்கலாம்மா," என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது. "அது அப்பா இல்லேன்னாலும் பரவால்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். போனை என் கையிலிருந்து மென்மையாக வாங்கி, அவளே அழித்தாள்.

ஜூன் நடுவில் எனக்குக் காலேஜ் தொடங்கியது. அம்மா ஸ்டேஷன் பக்கமே போவதில்லை; சேலையூருக்குச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை காலை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"எப்சி, அப்பாவுக்குக் கன்னம் ஒடுக்கா இருந்துச்சா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"படத்துல ஒடுக்கா இருந்துச்சுல்ல? நிஜத்துல எப்படி இருந்துச்சுன்னு வரமாட்டேங்குது. கண்ண மூடினா அந்தப் படம்தான் வருது. எட்மண்ட் வரல." துணியிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டியது. "பத்து வருஷம் பத்திரமா வச்சிருந்தேன்டி."

அன்றே காலேப் சித்தப்பாவுக்கு போன் செய்தாள். நான் ஸ்பீக்கரில் கேட்டேன். அம்மா சித்தப்பாவிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். "ஒடுக்குன்னு சொல்ல முடியாது மைனி. பூசின மாதிரின்னும் சொல்ல முடியாது," என்றார். பிறகு, "எனக்கும் சரியா வரல மைனி," என்று அழுதுவிட்டார். அழுகைக்கு நடுவில் வருஷா வருஷம் கேட்பதையே கேட்டார். "அண்ணனுக்கு ஒரு நினைவு ஆராதனை வச்சிருவோமா?"

ஒவ்வொரு வருஷமும் அம்மா கோபமாகப் போனை வைத்துவிடுவாள். இந்தத் தடவை பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "டிசம்பர்ல வைப்போம் தம்பி," என்றாள்.

நவம்பர் கடைசியில் நோட்டீஸ் அடிக்க அச்சகத்துக்குப் போனோம். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் கறுப்புக் கட்டம் ஒன்றை இழுத்துப் போட்டு, "போட்டோ குடுங்க, பென்ட்ரைவா, வாட்ஸாப்பா?" என்று கேட்டார்.

"போட்டோ இல்ல," என்றாள் அம்மா.

"சும்மா எது இருந்தாலும் குடுங்கம்மா. மங்கலா இருந்தாலும் இப்பல்லாம் தெளிவா ஆக்கிடலாம்."

"வேணாம்," என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

அம்மா ஒரு தாளில் தேதியையும் ஆராதனை நேரத்தையும் எழுதிக் கொடுத்தாள். அவர் கட்டத்தை எடுத்துவிட்டு, நடுவில் எட்மண்ட் என்று பெரிய எழுத்தில் அடித்தார்.