ஆணிக்கு அடியில்

இஞ்ஞாசி வாங்கி வந்த ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்தபோதே ரூபிக்கு வயிறு எரிந்தது. இடுப்பு உயரத்துக்கு இரண்டு கறுப்புப் பெட்டிகள். ஒவ்வொன்றின் அடியிலும் மூலைக்கு ஒன்றாகக் கூரான இரும்பு ஆணிகள். அந்த ஆணியில் நின்றால்தான் பாட்டின் அடித்தொனி சிதறாமல் வருமாம். கடைக்காரன் சொன்னானாம், இவனும் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்துவிட்டான். மரத்தரையில் ஆணி நின்றால் தரை என்ன ஆகும் என்று கடைக்காரனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

தரையைத் தேய்ப்பவளுக்கல்லவா தெரியும். தோ பாயோ அடுக்குமாடிக் குடியிருப்பில் அந்த வீடு கிடைத்ததும் ரூபி ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே பொருள், கூடத்துக்கு மரத்துண்டுகள் ஒட்டிய தரை. சனிக்கிழமை தவறாமல் முட்டிபோட்டு மெழுகு பூசித் தேய்ப்பாள். அவள் கணவன் மரியஅந்தோணி கப்பல் பட்டறையில் நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவன், அந்தத் தரையில் செருப்பு வைக்க மட்டும் பயப்படுவான். அவன் தம்பி இஞ்ஞாசிக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. இருபத்தெட்டு வயதாகியும் அண்ணன் வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டு, சம்பளத்தை ஸ்பீக்கரில் கொட்டுகிறவனுக்கு எந்தப் பயம் இருக்கும்?

முதல் நாளே ஓர் ஆணி தரைக்குள் இறங்கிவிட்டது. ரூபி குனிந்து அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"சின்ன ஓட்டைதான் லா அண்ணி. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கிவச்சிக்கிறீங்க" என்றான் இஞ்ஞாசி.

ஓங்கி ஒன்று விட்டிருப்பாள். ஆனால் மாதா வருகிற நேரத்தில் வீட்டில் சண்டை வேண்டாம் என்று விழுங்கிக்கொண்டாள்.

இந்த மாதா விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அக்டோபர் மாதம் வந்தால் பங்குக் கோயிலிலிருந்து மாதா சுரூபம், அதாவது மாதா சிலை, வீடு வீடாகப் போகும். ஜெபக் கூட்டத்துப் பெண்கள் தூக்கி வந்து, ஜெபமாலை சொல்லி, சுரூபத்தை ஓர் இரவு அந்த வீட்டில் விட்டுப் போவார்கள். மறுநாள் அடுத்த வீடு. தோ பாயோவில் தமிழ்க் கத்தோலிக்கர் வீடு ஒன்று பாக்கியில்லாமல் போன மாதா, ரூபி வீட்டுக்கு மட்டும் வந்ததேயில்லை. காரணம் கேட்டால், லிஃப்ட் ஆறாவது மாடியோடு நின்றுவிடுகிறது, உங்கள் எட்டாவது மாடிக்குப் படியேறித் தூக்க ஆள் இல்லை என்பாள் கூட்டத்துத் தலைவி அற்புதமேரி. அடடா, என்ன அக்கறை! அதே அற்புதமேரி வேறொரு பிளாக்கில் இதைவிட அதிகப் படிகளை மூச்சு வாங்காமல் ஏறியதை ரூபி கண்ணால் பார்த்திருக்கிறாள்.

உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். ரூபி சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கண்மணியாகப் பிறந்து, கோயிலுக்குப் பால்குடம் எடுத்து வளர்ந்தவள். மரியஅந்தோணியைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் வாங்கி ரூபி ஆனாள். கட்டுவதற்காகத்தான் வாங்கினாள். ஆனால் அதன்பிறகு மாதாவை அவள் நேசித்தது யாருக்காகவும் இல்லை. பிள்ளை தங்காமல் போன அந்த இரண்டு தடவையும் அழுதுகொண்டு போய் விழ அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்தச் சுரூபத்தின் கால்தான். அந்த மாதா ஒரே ஓர் இரவு தன் வீட்டில் தங்க வேண்டும், இவளும் நம்மவள்தான் என்று அந்தப் பெண்கள் ஒரு தடவையாவது நினைக்க வேண்டும். பத்து வருஷமாக அவள் கேட்டது அவ்வளவுதான். இந்த வருஷம் புதிதாக வந்த சாமியார் விசாரித்து, அந்த வீட்டுக்கும் போங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் தரை. வருகிறவர்கள் உட்காரப்போவது அதில்தானே? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆணிக்கு அடியில் எதையாவது வைத்துத் தொலை, இல்லாவிட்டால் பெட்டியை வீட்டை விட்டு வெளியே எடு என்று இஞ்ஞாசியிடம் கறாராகச் சொன்னாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே அட்டையை மடித்து வைத்தான். ஆணி அட்டையைப் பொத்துக்கொண்டு போனது. ஐம்பது காசு நாணயங்களை வைத்தான். ஆணி முனை வழுக்கி, பாட்டு அதிர அதிரப் பெட்டி நகர்ந்து, தரையில் புதுக் கீறல் விழுந்தது. அன்று வீட்டில் சோறு ஆக்கவில்லை. மரியஅந்தோணி அண்ணனாக ஒரு வார்த்தை கேட்பான் என்று எதிர்பார்த்தாள், அவன் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரூபி அடுப்பங்கரையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து இஞ்ஞாசி வேலை முடிந்தது என்று குரல் கொடுத்தான். எட்டிப் பார்த்தாள். ஆணிகளுக்கு அடியில் வட்டமாகப் பித்தளை மின்னியது, அதற்கும் அடியில் பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருந்தது. பெட்டியை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. பரவாயில்லையே, இவனுக்கும் மூளை இருக்கிறதே என்று நினைத்தாள் பாவி மகள்.

சாயங்காலம் பெண்கள் வந்தார்கள். அற்புதமேரி நுழையும்போதே, "என்ன கண்மணி, படி ரொம்பச் செங்குத்தா இருக்கு" என்றாள். பத்து வருஷமாக அவள் வாயில் ரூபி என்ற பெயர் வந்ததில்லை. சுரூபத்தைப் பீடத்தில் வைத்தார்கள், இரண்டு பக்கமும் அந்தக் கறுப்புப் பெட்டிகள் நின்றன. அற்புதமேரி மாதாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று வலது பக்கப் பெட்டியை ஒட்டித் தரையில் அமர்ந்தாள். ஜெபமாலை நல்லபடியாக நடந்தது. ரூபிக்குக் கண் நிறைந்துகொண்டே இருந்தது.

எல்லாம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது அற்புதமேரியின் கை தவறி ஜெபமாலை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள்.

"கண்மணி, இங்க வா. இது என்னது?"

ரூபி குனிந்து பார்த்தாள். ஆணிக்கு அடியில் இருந்தது வேளாங்கண்ணி மாதா பதக்கம். கையில் குழந்தையோடு நின்ற மாதாவின் மார்பில் ஆணி முனை பொருந்தி நின்றது. மற்ற ஆணிகளின் அடியிலும் அதேதான்.

"இதுக்குத்தான் நான் வேணாம் வேணாம்னேன்" என்று அற்புதமேரி கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். "நம்ம வேதத்துல பொறந்தவ இப்படிச் செய்வாளா? தலையில தண்ணி ஊத்திட்டா ரத்தம் மாறிடுமா?" சுரூபம் இந்த வீட்டில் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது, தூக்குங்கள் என்றாள். மற்றப் பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

ரூபி இஞ்ஞாசியைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். கணவனைப் பார்த்தாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினான். ஒரு வாய் திறக்க வேண்டுமே, இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவன்!

அவளுக்கு வெறி வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். பெட்டி பதக்கங்களை விட்டு இறங்கித் தரையில் குத்தியது. அப்படியே வாசல் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். ஆணிகள் மரத்தைக் கிழித்த சத்தத்தில் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் உயிராகப் பார்த்த தரை, கூடத்தின் நடுவே நீளமாக உழுதுபோட்டதுபோல் கிடந்தது.

"அண்ணி, ஸ்பீக்கர் போயிடும்" என்று ஓடிவந்தான் இஞ்ஞாசி.

"வச்சது யாரு? சொல்லு" என்றாள்.

"நான்தான் வச்சேன். காசுல வழுக்குது, இதுல மேடு பள்ளம் இருக்கு, ஆணி நல்லா உக்காருது. அம்மாவோட டப்பாவுல சும்மா கெடந்துச்சு லா."

சும்மா கிடந்ததாம். ஊருக்குப் போய் வந்தவர்கள் எல்லாம் கொடுத்துக் கொடுத்து அவன் அம்மா பிஸ்கட் டப்பாவில் சேர்த்த பதக்கங்கள். பிறந்ததிலிருந்து பார்த்துச் சலித்த அவனுக்கு அவை பித்தளைத் துண்டுகள், வளையத்தைக் குறடால் நறுக்கிவிட்டு வைத்திருக்கிறான். ரூபியோ அந்த டப்பாவைத் திறக்கக்கூடத் துணிந்ததில்லை.

அற்புதமேரி மூச்சு விட்டாள். முகம் அப்படியே இளகிப்போனது.

"சரி விடு. சின்னப் பையன், தெரியாம செஞ்சிட்டான். நம்ம பையன்தானே, மாதா மன்னிச்சிடுவாங்க" என்று மறுபடியும் உட்கார்ந்து தேநீரை எடுத்துக்கொண்டாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கேசரி நன்றாக வந்திருக்கிறது என்றுகூடச் சொன்னாள்.

ரூபி குனிந்தாள். சிதறிக் கிடந்த பதக்கங்களைப் பொறுக்கினாள், அந்தப் பக்கத்துப் பெட்டியைச் சாய்த்து அதற்கடியில் இருந்தவற்றையும் எடுத்தாள். ஒவ்வொன்றையும் முந்தானையில் துடைத்து மாதாவின் காலடியில் வைத்தாள். பிறகு போய் வாசல் கதவை அகலத் திறந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அற்புதமேரி அவசரமாக எழுந்து, சுரூபத்தைத் தூக்கக் கை நீட்டினாள்.

"அவங்க இருக்கட்டும்" என்றாள் ரூபி. "நீங்க கெளம்புங்க."