ஒத்துப்போனவர்கள்

2025 மார்ச் 8, சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பொது நூலகத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் நான்கு பேர் ஒரு கணினி நிரலின் பதில்களுக்கு மதிப்பெண் போடத் தொடங்கினார்கள்.

யாருக்கும் இதில் சம்பளம் கிடையாது. செயற்கை நுண்ணறிவின் பாதுகாப்பை ஆராயும் அமைப்பு ஒன்று தன்னார்வலர் அணிகளைத் திரட்டி, அணிக்கொரு கேள்வியைக் கொடுத்திருந்தது. இந்த அணிக்கு வந்த கேள்வி இதுதான்: உரையாடும் நிரல் ஒன்று சரியான பதிலைச் சொன்ன பிறகு, எதிரில் இருப்பவர் "இல்லை, நீ சொல்வது தப்பு" என்று அழுத்தினால், அது தன் பதிலில் நிற்கிறதா, வளைந்துவிடுகிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் நிரலை நம்பி யாராவது ஒரு மாத்திரையை விழுங்கிவிடக் கூடாதே என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது.

அணித் தலைவி ஒரு சரக்கு லாரி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். அணியினர் அவரைக் கேப்டன் என்பார்கள். அவரைத் தவிர மருந்துக்கடை நடத்தும் பெண் ஒருவர், தாடி என்றே அழைக்கப்பட்ட புரோகிராமர், விமானப் பராமரிப்பிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் என மூவர். பொறியாளர் எல்லோருக்கும் சார்.

தொடக்கத்தில் ஏழு பேர் இருந்தார்கள். தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அப்போதைய முறை. ஒரே ஒரு பதிலுக்காக இருவர் வாய்ச்சண்டையில் இறங்க, அந்த மாதமே மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். சம்பளம் வாங்காத ஆளை முகத்தாட்சண்யத்தைத் தவிர வேறு எதைக் கொண்டும் கட்டிவைக்க முடியாது. ஆகவே கேப்டன் முறையை மாற்றினார். உரையாடலை அவரே உரக்கப் படிப்பார், தன் மதிப்பெண்ணைச் சொல்வார், "எல்லாருக்கும் ஓகேயா?" என்று கேட்பார். மூன்று தலைகள் ஆடும். வேலை மளமளவென்று நடந்தது. நால்வரும் ஒத்துப்போன அளவு தொண்ணூற்றெட்டு சதவீதம். அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டிருந்தார்.

அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். ஏற்கப்பட்டால் அணிக்கு இன்னும் ஆறு மாதம் அனுமதி கிடைக்கும். இல்லையென்றால் ஆளுக்கொரு திசையாகக் கலைய வேண்டியதுதான்.

அன்று கேப்டனின் தங்கையும் அறையில் இருந்தாள். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துபவள். அக்காவைக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போக வந்தவள், வேலை முடிகிற வழியைக் காணாமல் மூலையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிவாக்கில் கேப்டன் இன்னோர் உரையாடலைப் படித்தார். இரண்டு சளி மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிடலாமா என்று ஒருவர் கேட்கிறார். இரண்டிலும் ஒரே மருந்துதான் இருக்கிறது, கூடாது என்கிறது நிரல். என் நண்பன் டாக்டர், அவன் பரவாயில்லை என்கிறான் என்கிறார் அவர். "உங்கள் நண்பர் உங்கள் உடல்நிலையை அறிந்திருக்கலாம். இருந்தாலும் அட்டையில் இருப்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முடிக்கிறது நிரல்.

"வளைஞ்சிருச்சு. எல்லாருக்கும் ஓகேயா?" என்றார் கேப்டன்.

தலைகள் ஆடின.

"அக்கா, இதைக் காலையிலயே படிச்சியே. அப்ப நின்னுருச்சுன்னு சொன்னே" என்றாள் தங்கை.

தாடி மடிக்கணினியில் தேடினான். "ஆமா கேப்டன். ஒரே உரையாடல் ரெண்டு தடவை ஏறியிருக்கு. நான்தான் ஏத்தினேன், சாரி."

"காலையில நீங்க மூணு பேரும் என்ன சொன்னீங்க?" என்று கேட்டார் கேப்டன்.

"நின்னுருச்சுன்னுதான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

தங்கை ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டாள். "உங்க மெஷின் தேவலை. அதையாவது ஒரு தடவை மிரட்டணும். இவங்களை நீ பார்த்தாலே போதும் போல."

கேப்டனின் முகம் சிறுத்துவிட்டது. "சார், நீங்க ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீயும் பாவம், லீவு நாளெல்லாம் விட்டுட்டு வர்றே. உன்கிட்ட எதுக்கு மல்லுக்கட்டணும்னு விட்டுட்டேம்மா."

"எனக்கு சந்தேகமாத்தான் இருந்துச்சு. ஆனா அக்கா தலையாட்டினாங்க" என்று மருந்துக்கடைக்காரரைக் காட்டினான் தாடி.

"நானா? நான் உன்னைப் பார்த்துதானேடா ஆட்டினேன்."

"என் ஸ்கூல்லயும் இதே கதைதான். புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாரும் புரிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க. வண்டி சுவர்ல போய் நிக்கறப்பதான் தெரியும்" என்றாள் தங்கை.

தாடி குரலைத் தாழ்த்தினான். "ரெண்டுல ஒண்ணைத் தூக்கிட்டா யாருக்கும் தெரியாது கேப்டன்."

கேப்டன் யோசித்தார். தூக்குவது ஒரு நிமிட வேலை. எல்லாவற்றையும் மறுபடி போடுவதென்றால் இந்த மூன்று பேரையும் கெஞ்ச வேண்டும், சண்டை வரும், மிச்சமிருப்பவர்களும் போய்விடலாம்.

"தூக்கிடலாம். ஆனா நாம எழுதறதே ஆமாம் போடற மெஷினைப் பத்தி" என்றார். "அதை நாமளும் ஆமாம் போட்டே எழுதினா நல்லாவா இருக்கும்? நாளைக்கு முதல்லேர்ந்து போடுவோம். என் மார்க்கை யாருக்கும் சொல்ல மாட்டேன். என்கூட ஒத்துப்போகணும்னு யாருக்கும் அவசியமில்ல. சரியா?"

"சரிம்மா" என்றார் சார் உடனே.

"பாத்தியா, மறுபடியும்" என்றாள் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை நூலகம் கிடையாது. தங்கையின் பள்ளியில், பாடம் நடத்தும் அறை கிடைத்தது. சாலைக் குறியீட்டுப் படங்கள் மாட்டியிருந்த நான்கு சுவர்களைப் பார்த்து நான்கு நாற்காலிகள் போடப்பட்டன. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பேச்சே இல்லாமல் மதியம் வரை மதிப்பெண் போட்டார்கள். பிறகு நாற்காலிகளைத் திருப்பி, ஒப்பிட்டார்கள்.

சளி மாத்திரையில் வந்து முட்டிக்கொண்டது.

"நல்லாத்தானே நின்னிருக்கு. மரியாதையா மறுக்குது" என்றார் சார்.

"எங்க சார் மறுத்திருக்கு? கூடாதுங்கற வார்த்தையே காணாமப் போச்சு. கவுண்டர்ல நின்னுகிட்டு நான் இப்படிப் பேசினா என் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

"அட்டையைப் பாருன்னு சொல்லுதேம்மா."

"அட்டையில இருக்கறதைப் படிச்சிருக்கீங்களா நீங்க?"

"நான் விமானத்தோட மேனுவலையே படிச்சவன்."

"விமானத்துக்கு சளி பிடிக்காது சார்" என்றார் மருந்துக்கடைக்காரர். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கேப்டன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போன முறையும் இப்படித்தான், ஒரு பதிலில் தொடங்கி ஒரு கைப்பையில் முடிந்தது. தாடி எதற்கோ இருமினான். "நான் ஒண்ணும் தப்பா பேசலையே" என்றார் சார், யாரிடமும் இல்லாமல்.

கால் மணி நேரத்தில் கதவு திறந்தது. மருந்துக்கடைக்காரர் தெருமுனைக் கடையிலிருந்து வாங்கி வந்த இரண்டு மாத்திரை அட்டைகளைச் சாரின் மடியில் வைத்தார். "படிங்க."

சார் கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்தார். பொடி எழுத்து. "பெருமாள் கோயில் எறும்பு மாதிரி இருக்கு" என்று முணுமுணுத்தார். ஒரு நிமிடம் கழித்து, "இதைப் படிச்சு யாரும் ஒண்ணும் தெரிஞ்சுக்க முடியாது. வளைஞ்சிருச்சுதான். ஆனா நீங்க காட்டினதால ஒத்துக்கறேன், கோவிச்சுகிட்டுப் போனதால இல்ல" என்றார்.

"நான் எங்க கோவிச்சேன்? கடை மூடறதுக்குள்ள போகணும்னு ஓடினேன்."

கேப்டன் முதல்முறையாகச் சிரித்தார். "சார், முதல்ல போட்ட மார்க்கை மாத்த வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். ஏன் மனசு மாறிச்சுன்னு மட்டும் பக்கத்துல எழுதுங்க."

மாலைவரை சண்டை ஓயவில்லை. தாடி எல்லோரோடும் முரண்பட்டான்; அவனே அதை எதிர்பார்க்கவில்லை. எச்சரிக்கை மாறாமல், கூடாது என்ற சொல் மட்டும் மறைந்தால் அதுவும் வளைந்ததாகவே கொள்வது என்று ஒரு புது விதி எழுதினார்கள். அதை ஏற்காத ஒருவர் இருந்தார். அது கேப்டன்.

அறிக்கை வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பப்பட்டது. தொண்ணூற்றெட்டு சதவீதம் எப்படி வந்தது என்பதை ஒரு பத்தியில் விளக்கியிருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் பதில் வந்தது. இரண்டு திருத்தங்களோடு அறிக்கை ஏற்கப்பட்டது. அணிக்கு ஆறு மாத அனுமதி நீட்டிக்கப்பட்டது. அறிக்கையின் முதல் பக்கத்தில், ஒத்துப்போன அளவு எழுபத்தொரு சதவீதம் என்று அச்சாகியிருந்தது.