செருப்பில்லாத படம்

அடுத்தவர் பையில் இருக்கும் பணத்தை வெளியே வரவழைப்பது என் தொழில். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. அச்சகத்துக்கு மேல்மாடியில் இரண்டு அறை, நான்கு நாற்காலி, உட்கார்ந்தால் முனகும் ஒரு சோபா. அங்கிருந்துதான் எங்கள் அமைப்புக்கு நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதுகிறேன். படிப்பவர்களை அழ வைப்பதில் எனக்குப் பதினோரு வருட அனுபவம்.

அந்த வருடம் ஒரு வண்டிக்காகக் கேட்டோம். பழைய பேருந்தை வாங்கி, உள்ளே புத்தக அலமாரியும் பத்து டேப்லெட்டும் வைத்து, பள்ளிக்கூடம் தொலைவாக இருக்கும் ஊர்களுக்கு வாரம் ஒருநாள் ஓட்டிப்போவது திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் திட்டத்துக்காக யாரும் பர்ஸைத் திறப்பதில்லை, ஒரு முகத்துக்காகத்தான் திறப்பார்கள். அந்த முகத்தைத் தேடி நானும் போட்டோகிராஃபரும் ஒரு கல்குவாரி ஊருக்குப் போனோம்.

முன்பே சொல்லிவைத்திருந்த ஒரு சிறுமி எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது. படிய வாரிய தலை, துவைத்த கவுன், காலில் புத்தம்புது சிவப்புச் செருப்பு. அதைக் குனிந்து பார்ப்பதும் தனக்குத்தானே சிரித்துக்கொள்வதுமாக நின்றாள். போட்டோகிராஃபர் கேமராவை இறக்கினார்.

"மேடம், இது பொறந்தநாள் போட்டோ மாதிரி இருக்கு. இதைப் பார்த்து யாரு காசு குடுப்பாங்க?"

எனக்கும் அதேதான் தோன்றியது. "கண்ணு, அந்தச் செருப்பை மட்டும் கொஞ்சம் கழட்டிடும்மா. சிரிக்காம பாரு, சரியா?"

கழற்றினாள். இரண்டையும் ஜோடியாகச் சேர்த்து, தன் கண்ணில் படுகிற மாதிரி சுவரோரம் வைத்துவிட்டு வந்து நின்றாள். சிரிக்காதே என்று இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

படம் பிய்த்துக்கொண்டு போனது. புழுதியில் வெறுங்கால், நேராகப் பார்க்கும் கண். ஒன்றேகால் வருடத்தில் வண்டி வந்துவிட்டது. செயலாளர் என்னை முதுகில் தட்டிக்கொடுத்தார். அதே படத்தை வண்டியின் இடப்பக்கம் ஆளுயரத்துக்கு ஒட்டவும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஊருக்கு வண்டி முதன்முதலாகப் போன நாளில் நானும் போனேன். ஓட்டுநருக்கு நாங்கள் வைத்த பெயர் ஃபினாயில் அண்ணன். தரையை ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைப்பார். 'செருப்பை வெளியே விடவும்' என்று படியருகே அவரே எழுதி ஒட்டியிருந்தார். பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். அவளை மட்டும் காணோம்.

"அவ வரமாட்டா" என்றது ஒரு வாண்டு. வண்டியிலிருந்த படத்தைக் கையால் காட்டியது. "பிச்சைக்காரப் பொண்ணு! அதோ நிக்குது!"

மற்றதுகள் சிரித்தன. 

வீடு தேடிப் போனேன். அவள் அப்பா குவாரியில் லாரிக்குக் கல் ஏற்றுபவர். வாசலை மறித்தபடி நின்றார், உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"படம் எடுக்க வர்றாங்கன்னதும், மொத நாளே டவுனுக்குப் போய் அந்தச் செருப்பை வாங்கிட்டு வந்தேன் மேடம். போட்டுக்கிட்டுத்தானே உங்க முன்னாடி நின்னா?"

"ஆமாங்க."

"இப்ப வேலை செய்யற இடத்துல கேக்கறாங்க, பெத்த பொண்ணுக்கு ஒரு செருப்பு வாங்கித் தரத் துப்பில்லையான்னு. வாங்கித் தந்தேன்னு சொன்னா யாரு நம்புவா? வண்டி ஒசரத்துக்கு வெறுங்காலோட நிக்க வெச்சிருக்கீங்க." அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "தப்பா எடுத்துக்காதீங்க. அவ வண்டிக்கு வரமாட்டா."

யார் முகத்தைக் காட்டி வண்டி வாங்கினோமோ அவளுக்கே அது இல்லாமல் போயிற்று. செய்தது நான்தான்.

மறுநாள் செயலாளரிடம் போய் நின்றேன்.

"அந்தப் படத்தை வெச்சுத்தான் அடுத்த வண்டிக்கே பணம் வருது. ஒரு பொண்ணு வரலைன்னு அதை எடுக்கச் சொல்றீங்களா?"

"ஆமா சார். வண்டியிலயும் வேணாம், கடிதத்துலயும் வேணாம்."

"அப்ப அடுத்த வண்டி?"

"வராட்டி போகட்டும்."

சொல்லிவிட்டேன், ஆனால் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் ஊர்களின் பட்டியலை எழுதியவளும் நான்தானே. அவர் மேஜைமேல் இருந்த கடிதக் கட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு, "என்னமோ பண்ணுங்க. பொறுப்பு உங்களோடது" என்றார்.

வெந்நீரும் தகடுமாக நானும் ஃபினாயில் அண்ணனும் வண்டியிலிருந்த படத்தை ஒரு பகல் முழுக்கச் சுரண்டினோம். காலிலிருந்து ஆரம்பித்தேன்.

"மொதல்ல கண்ணை எடுங்க மேடம்" என்றார் அவர். "பாத்துக்கிட்டே இருக்கு."

அடுத்த இரண்டு வாரமும் அவள் வரவில்லை. மூன்றாம் வாரம், எல்லோரும் ஏறிய பிறகு படியருகே வந்து நின்றாள். வளர்ந்திருந்தாள். காலில் அதே சிவப்புச் செருப்பு. குதிகால் பின்னால் வெளியே வந்திருந்தது. படியருகே இருந்த காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இங்கயும் கழட்டணுமா?"

 ஃபினாயில் அண்ணன் குனிந்து, தான் ஒட்டிய காகிதத்தைத் தானே கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வேணாம்மா. போட்டுக்கிட்டே வா."

ஏறினாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் படித்தாள். நான் அந்தப் பக்கம் போனபோது மட்டும், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமலே, இரண்டு கால்களையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.