பேனரில் பெரிதாக இருந்தவர்

விமானப்படையில் இருக்கும் ஜோஸ்வின் லீவில் செம்பாக்கம் வந்திருந்தான். சனிக்கிழமை ராத்திரி நண்பனின் பிறந்தநாள் என்று குரோம்பேட்டைக்குப் போனான். சாப்பிட்டு முடித்து, "ஆட்டோ புடிச்சுப் போயிடறேன்டா" என்று ஜிஎஸ்டி ரோட்டில் கையசைத்தவனை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை. போன் அணைந்துகிடந்தது. போலீஸ் விசாரித்தது, படையிலிருந்தும் வந்து விசாரித்தார்கள். எல்லோரும் அம்மா எப்சியிடம் கேட்டது ஒன்றுதான்: "வீட்ல ஏதாவது சண்டையா?" சண்டையே இல்லை. மறுநாளைக்கு வஞ்சிரம் வறுக்கச் சொல்லிவிட்டல்லவா போயிருந்தான்!

துப்பு எதுவும் கிடைக்காததால், அவர்கள் குடியிருந்த அமுதம் நகரின் நலச்சங்கத் தலைவர் மதியழகன் களத்தில் இறங்கினார். அவர் களத்தில் இறங்குவதென்றால் பேனர் வைப்பது. தெருவிளக்கு எரிந்தால் நன்றி பேனர், எரியாவிட்டால் கண்டன பேனர். எப்சி, மஞ்சள் டீசர்ட் போட்ட மகனின் படத்தைக் கொடுத்தாள். அன்று அவன் போட்டுக்கொண்டு போனது அதுதான்.

"இதுல கம்பீரம் பத்தலம்மா. யூனிஃபார்ம் போட்டோ குடுங்க. பாக்கறவனுக்குப் புல்லரிக்கணும்," என்றார் தலைவர்.

புல்லரிக்கத்தான் செய்தது. 'எங்கள் வீரத் திருமகனே, எங்கிருந்தாலும் வருக வருக!' என்ற வரிக்குக் கீழே மதியழகன் ஆளுயரத்துக்குக் கைகூப்பிச் சிரித்தார். செயலாளரும் பொருளாளரும் ஆளுக்கொரு சாப்பாட்டுத் தட்டு அளவில் இருந்தார்கள். மூலையில், தொப்பி கண்ணை மறைக்க, தீப்பெட்டி அளவில் ஜோஸ்வின். எப்சியின் போன் நம்பர் மட்டும் தப்பித்தவறிப் பெரிதாக விழுந்திருந்தது. செம்பாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளை வரை இதையே கட்டினார்கள்.

ஒரு நாள் போன் வந்தது.

"அம்மா, நான் ஆட்டோ வடிவேலு பேசறேன். பேனர்ல கீற ஆளு இங்க கீழ்க்கட்டளை டீக்கடைல கீறாரும்மா. போண்டா துன்னுகினு கீறாரு."

எப்சி அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"விட்டுடாதீங்கண்ணா! புடிச்சு வைங்க, இதோ வந்துட்டேன்!"

மகள் ஜீவிதாவின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து வழியெல்லாம் அந்த போண்டாவையே நினைத்துக்கொண்டு போனாள். சாப்பிடுகிறானாம். சாப்பிடுகிறான் என்றால் நன்றாகத்தான் இருக்கிறான்.

டீக்கடை பெஞ்சில், சட்னி சிந்திய வெள்ளைச் சட்டையோடு மதியழகன் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்க முடியாதபடி வடிவேலு தோளை அமுக்கிக்கொண்டிருந்தார்.

"பெத்த தாய் அங்க அய்துகினு கீது. உனுக்கு போண்டா கேக்குதா?"

"யோவ், நான் தலைவர்யா!"

"தலைவரா இருந்தா காணாமப் போலாமா?" என்ற வடிவேலு எப்சியிடம் திரும்பினார். "இவரு தானேம்மா?"

ஜீவிதாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையாகிவிட்டது. எப்சி அழவில்லை. கொஞ்ச நேரம் அந்த பெஞ்சையே, அங்கே வேறு யாராவது இருக்கக்கூடும் என்பதுபோலப் பார்த்தாள். பிறகு போனைத் திறந்து மஞ்சள் டீசர்ட் படத்தை நீட்டினாள்.

"இவன்தாண்ணா."

வடிவேலு கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மூஞ்சி அதுல இல்லியேம்மா."

மறுநாள் காலை அவரே ஆட்டோவில் வந்தார். எப்சி அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பேனரிலும் தலைவரின் முகத்தின் மேல், பெயரும் பட்டமும் சேர்த்து மறைய, இருவரும் ஒட்டிக்கொண்டு போனார்கள். சேதி கேட்டு மதியழகன் ஓடிவந்தார்.

"பேராவது இருக்கட்டுமேம்மா. முயற்சி எங்களது இல்லையா?"

"நீங்க தொலைஞ்சா போடறேன் சார்," என்றாள் எப்சி, பசை டப்பாவை மூடாமலே.

அப்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். பசைக் கையோடு எடுத்துக் காதில் வைத்தவள், அந்தப் பக்கம் வாய் திறக்குமுன்னே கேட்டாள்:

"என்ன கலர் சட்டைங்க?"