அடுப்பு பின்னால் வருகிறது

எங்கள் குடும்பத்தில் வழி சொல்லத் தெரியாத ஆண்பிள்ளை பிறந்ததே இல்லை. எங்கே கிளம்பினாலும், செருப்பு மாட்டுவதற்குள் ஆளுக்கொரு வழி சொல்லிவிடுவார்கள். போகிறவளை மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். அன்றைக்கும் அப்படித்தான். சாப்பாட்டு மேஜையில் நாட்டு வரைபடத்தை விரித்து, அது சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு முனையில் உப்பு டப்பாவையும் மறுமுனையில் தண்ணீர் ஜாடியையும் வைத்துவிட்டு, அண்ணன் ஆள்காட்டி விரலால் மலையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

நிஜத்தில் தாண்ட வேண்டியவள் நான். எனக்குப் பின்னால் டிரெய்லரில் ஏற்றிக் கட்டிய ரொட்டி அடுப்பு, ஒன்றரை டன் இரும்பும் கல்லும். நாட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அதை இழுத்துக்கொண்டு போக வேண்டும். அங்கே ஒரு சின்னக் கடை பிடித்திருந்தேன். அந்த அடுப்பின் உள்தளம் முழுக்கக் கல் பலகை. ரொட்டியின் அடிப்பாகம் அதில்தான் வேகும். பலமாக நாலு குலுக்கல் குலுக்கினால் விரிசல் விட்டுவிடும். விரிசல் விட்டால் ஒட்டவும் முடியாது, அந்த அளவில் மாற்றுக் கல்லும் கிடைக்காது. அடுப்பு போனால் கடை போச்சு. கடை போனால் நான் திரும்பி வந்து பழையபடி அண்ணனுடைய பேக்கரியில் மாவு பிசைய வேண்டும், "நான் அப்பவே சொன்னேன்" என்பதை ஆயுசு முழுக்கக் கேட்டுக்கொண்டே. கல் உடைவதைவிட எனக்கு அதுதான் பயம்.

அண்ணன் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியம், என்றைக்கோ சண்டை போட்டிருப்பேன். புது அடுப்பு வாங்கியபோது பழையதை, "நீயே எடுத்துக்கோ பாப்பா" என்று தூக்கிக் கொடுத்தவர் அவர்தான். எனக்கு நாற்பத்தாறு வயது, இன்னும் பாப்பாதான். அவர் பேக்கரியில் தினமும் அடுப்பு மூட்டியது நான். பிக்கப் வண்டியில் டிரெய்லரைக் கட்டிக் கிளைக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோனதும் நான். ஆனால் மாவு எந்த மில்லில் வாங்குவது என்பதிலிருந்து என் வீட்டுச் சுவருக்கு என்ன பெயின்ட் என்பது வரை முடிவு அவருடையது. என் சமையலறை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காத பச்சையில் இருக்கிறது.

மலைவழி போனால் கிளம்பிய மறுநாள் சாயங்காலம் போய்ச் சேரலாம் என்றார். சமவெளியில் சுற்றிப் போனால் மேற்கொண்டு இரண்டு நாள் ஆகும். மலைவழியைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்றும் சொன்னார். ஓட்டியிருக்கிறார், இல்லை என்று சொல்லவில்லை. எல்லாம் காரில், பின்னால் ஒன்றும் இல்லாமல். பின்னால் பாரம் கட்டி ஓட்டுகிறவளுக்கு வேறு கணக்கு. ஏற்றம் எனக்குப் பெரிய விஷயமே இல்லை; வண்டி முனகும், ஆனால் சொன்னபடி கேட்கும். இறக்கத்தில்தான் வம்பு. நாம் அடுப்பை இழுத்தது போய், அடுப்பு நம்மைத் தள்ள ஆரம்பிக்கும். அப்புறம், எங்கே ஒதுங்கி நிற்கலாம், எந்த பெட்ரோல் பங்க்கில் வண்டியைப் பின்னால் எடுக்காமல் ஒரு சுற்று சுற்றி வெளியே வரலாம், தப்பான சந்துக்குள் போய்விட்டால் திரும்ப இடம் உண்டா என்று ஆயிரம் இருக்கிறது. இதையெல்லாம் சொன்னேன். அண்ணன், "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்று சொல்லி மலைக்கு அந்தப் பக்கம் விரலை இறக்கிவிட்டார். கடை வாசலில் அடுப்பை இறக்க அவருடைய கூட்டாளி ஒருவர் கிரேனோடு காத்திருக்க ஏற்பாடு செய்துவிட்டாராம். வாக்குக் கொடுத்தாயிற்றாம்.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஊரே அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பூகோள வாத்தியார். எந்த நதி எங்கே பிறக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கடைத்தெருவுக்கு அனுப்பினால் வழி தவறி, போன் போட்டு, "எதிர்ல ஒரு மருந்துக்கடை தெரியுது" என்பார். வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் வரைபடம் படிக்கத் தெரியும். மலை இருக்கும் இடத்தில் உயரத்தைக் காட்டும் கோடுகள் சீப்புப் பல் மாதிரி நெருங்கிக் கிடக்கின்றன, அந்தப் பக்கத்து இறக்கம் ரொம்பச் செங்குத்து என்று முந்தின ராத்திரி படுக்கையறையில் என்னிடம் சொன்னவர் அவர்தான். அதை மேஜையில் வந்து சொல்லுங்கள் என்றால், மச்சான் தப்பாக நினைப்பார் என்று சட்டைப் பொத்தானைத் திருகினார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் அன்றைக்கு மேஜையில் எல்லோருக்கும் முன்னால் நானும்தான் சரியென்று தலையாட்டினேன். பழகிய தலை.

விடிந்ததும் கிளம்பினோம். முன்னால் அண்ணன் காரில், வழி காட்டுவதற்கு. மலை எங்கேயாவது ஓடிவிடுமா என்ன. பின்னால் என் வண்டி, பக்கத்தில் மடியில் வரைபடத்தோடு வாத்தியார். நல்ல சாலை. மதியம் வரை ஒரு குறையும் இல்லை. பெரிய மலை வருவதற்கு முன்னால், ஒரு நீர்த்தேக்கத்தை ஒட்டிச் சின்னதாக ஒரு மேடு வந்தது. ஏறினேன். இறங்கும்போது கியரைக் குறைத்துத்தான் இறங்கினேன். அப்படியும் பாதி இறக்கத்தில் பின்னாலிருந்து யாரோ தோளில் கை வைத்துத் தள்ளுவது போல இருந்தது. ஸ்டீயரிங் லேசாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் ஒரு தரம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது, ஒரு தரம் அந்தப் பக்கம். வாத்தியார் கதவுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நதிகளின் பெயரைச் சொல்லியிருப்பார். கீழே வந்து சேர்ந்தபோது பிரேக் தீய்ந்த வாடை வண்டிக்குள் வந்துவிட்டது.

மலையடிவாரத்தில் லாரிக்காரர்கள் நிறுத்தும் பெரிய சிற்றுண்டிக் கடை ஒன்று இருந்தது. அதைத் தாண்டியதும் சாலை பிரிகிறது. இடது பக்கம் மலை, வலது பக்கம் சமவெளி. அண்ணன் அதற்குள் வெளி மேஜை ஒன்றில் உட்கார்ந்து மூன்று பேருக்கும் சர்க்கரை தூக்கலாக டீ சொல்லியிருந்தார். எனக்குச் சர்க்கரை ஆகாது. நான் டீயைத் தொடாமல் டிரெய்லர் சக்கரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். சுர்ரென்று ஆவி கிளம்பியது. சின்ன மேட்டுக்கே இந்தக் கதி.

அண்ணன் வந்து பார்த்துவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகாமல் என்ன செய்யும் என்றார். எனக்கு இறக்கத்தில் ஓட்டத் தெரியவில்லை என்பது அவர் தீர்ப்பு. கையை நீட்டினார்.

"சாவியைக் கொடு பாப்பா. மலையை நான் தாண்டித் தரேன். நீ என் கார்ல வா."

"வேண்டாம்ணா. நான் வலது பக்கம் போறேன்."

முதலில் அவருக்குக் காது கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். அப்படி ஒரு வாக்கியம் என் வாயிலிருந்து வரும் என்று அவர் காதுக்குப் பழக்கமில்லை. இன்னொரு தரம் சொன்னேன். அப்புறம் ஆரம்பித்தார். கிரேன் என்ன ஆவது, கூட்டாளி முகத்தில் எப்படி முழிப்பது, உனக்காகத்தானே கடையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன், நன்றி என்று ஒன்று இல்லையா. குரல் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து மேஜை லாரிக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வாத்தியார் டீ கிளாஸுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அண்ணன் அதைச் சொன்னார்.

"அது நான் கொடுத்த அடுப்பு. என் வழியில வரலைன்னா இங்கயே இறக்கி வச்சுட்டுப் போ."

எனக்கு அழுகை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, வந்தது. அந்த அடுப்பு வாயில் இத்தனை வருஷமாகக் கை ரோமம் பொசுங்கியவள் நான். அழுகையை விழுங்கிக்கொண்டு வண்டிக்குப் போனேன். டிரெய்லர் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தேன். முன்பக்கத்துச் சின்னச் சக்கரத்தை இறக்கிக் கைப்பிடியைச் சுற்றினேன். விளக்கு வயரைப் பிடுங்கினேன். சங்கிலியைக் கழற்றினேன். கொக்கியை விடுவித்தேன். வண்டியில் ஏறி ஒரு வண்டி நீளம் முன்னால் நகர்த்தி நிறுத்திவிட்டு இறங்கி வந்தேன். கார் நிறுத்துமிடத்துக்கு நடுவில் அடுப்பு தன்னந்தனியாக நின்றது.

"இந்தாங்கண்ணா, உங்க அடுப்பு. கட்டி எடுத்துக்கிட்டுப் போங்க."

அண்ணன் அடுப்பைப் பார்த்தார். தன் காரைப் பார்த்தார். கார் பின்பக்கம் வழவழவென்று இருந்தது. கொக்கி மாட்ட ஓர் ஆணி கூட அதில் கிடையாது. லாரிக்காரர்களில் ஒருவருக்கு டீ புரையேறியது. யாரும் சிரிக்கவில்லை, அந்தவரைக்கும் நல்லவர்கள்.

அண்ணன் மட்டும் "சரி, ஒரு லாரியைப் பிடித்துத் திருப்பி அனுப்பிக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். சொல்லக்கூடியவர்தான். வாயைத் திறக்கவும் செய்தார். அப்போது வாத்தியார் எழுந்தார். நேராக எங்களுக்கு நடுவில் வந்து நின்றார். கையில் டீ கிளாஸ் அப்படியே இருந்தது.

"மச்சான், அந்த இறக்கம் ரொம்பச் செங்குத்து. எனக்கு முதல்லயே தெரியும். உங்ககிட்டச் சொல்ல பயந்தேன்."

"நீங்க இதுல தலையிடாதீங்க மாப்ள."

"தலையிடத்தான் போறேன். ஓட்டுறவ அவ. அவ சொல்ற வழிதான்."

சொல்லிவிட்டு, டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் அண்ணன் கையிலேயே கொடுத்தார். பிறகு டிரெய்லருக்கு முன்னால் போய் நின்று என்னைப் பார்த்துக் கை காட்டினார். நான் வண்டியில் ஏறிப் பின்னால் எடுத்தேன். "வா... வா... வலது பக்கம் கொஞ்சம் ஒடி... போதும்" என்று, கடைத்தெருவில் தொலைகிற அந்த மனுஷன் இம்மி பிசகாமல் கொக்கிக்கு நேராக என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார். மாட்டினோம். சக்கரம் ஆறும் வரை வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அண்ணன் திரும்பியே பார்க்காமல் காரை எடுத்து இடது பக்கம் போய்விட்டார். நான் வலது பக்கம் திரும்பினேன்.

சமவெளி வழி சொர்க்கம் என்று கதை விட மாட்டேன். கொட்டாவி வரவைக்கிற நேர்ச்சாலை. இரு பக்கமும் வெட்டவெளி, ஒரு நாள் பக்கக்காற்று அடித்து டிரெய்லர் ஆட ஆரம்பித்ததால் அரை நாள் ஒதுங்கி நிற்க வேண்டியதாயிற்று. அந்தத் தாமதத்தில் கிரேனும் கைவிட்டுப் போயிருக்கும் என்று தெரிந்தது. வாத்தியார் எந்த பங்க்கில் திரும்ப இடம் இருக்கிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டு வந்தார், இரண்டு தரம் தப்பாக. நடுவில் அண்ணன் போன் செய்தார். வாத்தியார் எடுத்து, "ஓட்டிக்கிட்டு இருக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பாக வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் பசித்துச் சாப்பிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது கடை வாசலில் அண்ணன் கார் நின்றது. கோபித்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பார் என்று நினைத்திருந்தேன். மனுஷர் மலையைத் தாண்டி வந்து, இத்தனை நாளும் காரிலேயே படுத்து எழுந்திருக்கிறார். சவரம் செய்யாத முகம், கசங்கிய சட்டை. கிரேன் போய்விட்டதால், அடுப்பைக் குழாய்கள் மேல் வைத்து உருட்டி இறக்க நாலு ஆட்களைப் பிடித்து வைத்திருந்தார். ஏற்பாடு செய்யாமல் அவரால் இருக்க முடியாது.

நான் அடுப்புக் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். அண்ணனும் என் தோளுக்கு மேல் குனிந்தார். மூலை மூலையாகப் பார்த்தோம். ஒரு விரிசல் இல்லை.

"மலையில ஒண்ணும் பிரச்சனை இல்ல. ரெண்டு மூணு டிரெய்லர் என்னைத் தாண்டியே போச்சு" என்றார்.

"போகட்டும்ணா" என்றேன்.

மலைவழியில் போயிருந்தாலும் பத்திரமாக வந்து சேர்ந்திருப்பேனோ என்னவோ. அது எனக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. அவர் போன வழி அவருக்கு, நான் வந்த வழி எனக்கு.

ஆட்கள் பலகையைச் சாய்த்து, குழாய்களைப் போட்டு, அங்குலம் அங்குலமாக அடுப்பை இறக்கிக் கடை வாசல் வரை கொண்டுவந்துவிட்டார்கள். முன்னால் இருந்த ஆள் நிமிர்ந்து, எங்கே வைக்கணும் என்று அண்ணனைக் கேட்டான். கேட்பான், மீசை வைத்தவர் அவர்தானே. அண்ணன் கை தானாக மேலே போனது, ஜன்னலோரத்து மூலையைக் காட்டப் போனது. பாதியில் நின்றது. கையைக் கீழே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க வைக்கணும்?" என்றார்.

எந்த மூலை என்பது கடை பிடித்த அன்றைக்கே எனக்குத் தெரியும். வாத்தியாருக்கும் தெரியும், அளவெடுத்தவரே அவர்தான். அவர் வாயைத் திறக்கப் பார்த்தார். நான் கண்ணாலேயே அடக்கினேன்.

"கொஞ்சம் இருங்க, பாத்து சொல்றேன்" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று பார்த்தேன். சுவரைத் தட்டிப் பார்த்தேன். ஜன்னலைத் திறந்து காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்தேன். இன்னொரு தரம் முதல் மூலைக்குப் போனேன். வாசலில் ஒன்றரை டன் அடுப்பை உருளாமல் பிடித்தபடி ஆட்களும், அவர்கள் பக்கத்தில் அண்ணனும், நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.