அவள் சொல்லாத சொல்

வலது கை மேலே போய்விட்டது, கடவுள் சாட்சியாக நான் சொல்வதெல்லாம் உண்மை என்று கோர்ட்டு ஊழியர் சொல்லச் சொல்ல வாய் திருப்பிச் சொல்கிறது, ஆனால் தேவநேசத்தின் கண் எதிரே நிற்கிற மருமகன் கிளாட்சனுடைய சட்டையை விட்டு நகரவில்லை, வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, இதை யார் தேய்த்துக் கொடுத்திருப்பார்கள், மகள் பியூலா உயிரோடு இருந்தவரை அவள்தான் தேய்த்தாள், இவருக்கு ஒரு சுருக்கம் இருந்தாலும் ஆகாதும்மா என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், கல்யாணமான முதல் மாதத்தில் அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது. கூண்டின் மரச்சட்டத்தில் ஏற்கெனவே எத்தனையோ பேருடைய கை வியர்வை ஏறிக் கறுத்திருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அது நடந்து பத்து வருடம் ஆகிறது, சத்துணவு வேலையிலிருந்து ஓய்வுபெற்று, முட்டியில் வலி வந்து, கண்ணில் ஆபரேஷனும் ஆகிவிட்டது, இன்னும் அரிசி களையும்போதோ பேருந்துக்கு நிற்கும்போதோ திடீரென்று அந்தக் கறுத்த சட்டம் உள்ளங்கைக்குக் கீழே வந்துவிடுகிறது, அவள் மறுபடியும் கூண்டில் நிற்கிறாள், காதுக்குள் தம்பி ரத்தினசிங் பேசுகிறான், ஒரு வார்த்தைதான அக்கா, ஒரே ஒரு வார்த்தை.

அவன் அதைச் சொன்னது சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்திய வாரம், அடுக்களைக்குள் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல். மூன்று வருடமாக அவன்தான் அலைந்தான், தகப்பன் இல்லாத பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்த தாய்மாமன், ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் நடந்து நடந்து பாதி உடம்பாகிப்போனவன். மாடிப்படியில் துணி எடுத்துக்கொண்டு இறங்கும்போது கால் வழுக்கி விழுந்தாள் என்று கிளாட்சன் சொன்னான், தலையில் இருந்த காயம் விழுந்ததாலும் வரலாம், அடித்ததாலும் வரலாம் என்று டாக்டர் சொன்னார், அலறல் கேட்டது என்று முதலில் சொன்ன எதிர்வீட்டுப் பெண் பிறகு டீவி சத்தமாக இருக்கும் என்று மாற்றிச் சொன்னாள். மிச்சம் இருந்தது நான்கு நிமிடம். இறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம் பியூலா அம்மாவுக்குப் போன் செய்து நான்கு நிமிடம் பேசியிருக்கிறாள், போன் கம்பெனிக் கணக்கில் அது பதிவாகியிருக்கிறது, என்ன பேசினாள் என்பது பதிவாகவில்லை. அதுதான்க்கா நமக்கு இருக்க ஒரே வழி, அவன் என்னைக் கொன்னுருவான்னு அவ சொன்னதா நீ சொல்லிட்டா போதும், போலீசுல ஏன் சொல்லலன்னு எதிர் வக்கீல் கேப்பான், அன்னைக்கு நான் நினைவில்லாமக் கிடந்தேன்னு சொல்லு, கிடந்தேல்லா. அவ அப்படிச் சொல்லலியேல என்றாள் தேவநேசம். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான், அவன் கொன்னது நெசமா பொய்யா. நெசம்தான். அப்ப நீ சொல்லுதது மட்டும் எப்படிப் பொய்யாவும், நடந்த நெசத்துக்கு ஒரு கதவு தொறந்து வுடுத, அவ்வளவுதான.

பிற்காலத்தில் சிலர் பேசிக்கொண்டதுபோல அவள் அன்றைக்கே பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்த புண்ணியவதி அல்ல, அந்த வாரம் முழுக்க அந்தச் சொல்லை வாய்க்குள் போட்டு உருட்டிப் பழகினாள், அம்மா என்னைக் கொன்னுருவான், பியூலாவின் குரலிலேயே சொல்லிப் பார்த்தாள், நான்காம் நாள் சொல் சரளமாக வந்தது, சரளமாக வந்ததும் பியூலா உண்மையில் என்ன கேட்டாள் என்பது ஒரு கணம் மறந்துபோனது. பித்துப் பிடித்தவள்போல நினைவைக் கிண்டினாள். சாளை மீன் கிடைச்சிருக்கும்மா, இவ்வளவு மீனுக்குப் புளி எவ்வளவு போட. நெல்லிக்காய் அளவு போதும். பழைய புளியா புதுப் புளியா. புதுசுன்னா கொஞ்சம் கூட. பிறகு மாமா வந்தாவளா, பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டுச்சா என்று கேட்டாள், வேற ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன் என்றாள். அவ்வளவுதான். கடைசி நான்கு நிமிடத்தில் மகள் தாய்க்குக் கொடுத்துவிட்டுப் போனது அவ்வளவுதான்.

கூண்டில் நிற்கிறாள், அரசு வக்கீல் கேட்கிறார், அம்மா, உங்க மகள் கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னாங்க. மூன்றாவது பெஞ்சில் ரத்தினசிங் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறான், பழகின சொல் நுனிநாக்குக்கு வந்துவிட்டது, கிளாட்சன் முதல்முறையாகத் தலையைத் தூக்கி அவளைப் பார்க்கிறான், அந்தப் பார்வையில் பயம் இருந்தது, இவள் சொல்லப்போகிறாள் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. ஆண்டவரே, இவனை என் கையில் கொடுத்துவிட்டீர் என்று உள்ளே ஒரு குரல் துள்ளியது, அந்தத் துள்ளலைக் கண்டுதான் அவள் பயந்தாள். என் பிள்ளை சொல்லாத சொல்லை அவள் வாயில் எப்படி வைப்பேன், உம்முடைய பேரைச் சொல்லித் தூக்கின கையல்லவா இது. புளி எவ்வளவு போடன்னு கேட்டா ஐயா, என்றாள். கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். கடைசிக் கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மகள் கையில் கன்றிப்போன தடம் பார்த்ததையும் சொன்னாள், எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, பெற்ற தாயிடம் பேசுவதுபோல் அன்பாக, அதுக்கு உங்க மகள் என்ன காரணம் சொன்னாங்கம்மா என்றார். அலமாரிக் கதவுல இடிச்சிட்டதாச் சொன்னா. கணவர் அடித்ததாகச் சொன்னாங்களா. சொல்லல. கடைசியா மீன் குழம்பு வைக்கத்தான் கேட்டாங்க, இல்லையா. ஆமா. அவர் தலையைக் குனிந்து வணங்கிவிட்டு உட்கார்ந்தார்.

தீர்ப்பு வந்த அன்று சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை என்ற சொற்கள் மட்டும்தான் அவளுக்குக் கேட்டன. வாசலில் ரத்தினசிங் நின்றான், அவளை அடித்துவிடுவானோ என்று தோன்றியது, அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், நீதான் அவள ரெண்டாந்தடவ கொன்னுட்ட என்றான், மெதுவாகச் சொன்னான், இனிமே எனக்கு அக்கா கிடையாது. பேருந்தில் தனியாக வந்தாள். தண்ணீர்க் குழாயடியில் பேச்சு நின்றது, பெத்த வயிறா அது என்று ஒருத்தி முதுகுக்குப் பின்னால் சொன்னாள், சபையின் குருவானவர் வீட்டுக்கு வந்து நல்ல சாட்சி பகர்ந்தீர்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்றார், அந்த நல்ல மனிதர்மேல் அவளுக்கு வந்த கோபம் அவளையே நடுக்கியது, பார்த்துக்கொண்டுதானே இருந்தார் ஐயா, மாடிப்படியில என் பிள்ளை கிடந்தப்பவும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார். குருவானவர் எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார், அதற்காக மட்டும் அவரை அவள் மன்னித்தாள். பதினொரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகவில்லை. பன்னிரண்டாவது ஞாயிறு போனாள், சமாதானம் வந்துவிட்டதால் அல்ல, இந்த வழக்கை எடுத்துக்கொண்டு போக இனி வேறு கோர்ட்டு எதுவும் இல்லை என்பதால் போனாள், கடைசி வரிசையில் உட்கார்ந்து, பாடாமல், பீடத்தையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

நான்கு வருடம் கழிந்த ஒரு மத்தியானம், சுகிர்தம் என்ற அம்மாள் உடன்குடிப் பக்கத்திலிருந்து தேடிக்கொண்டு வந்தாள், கையில் குடை, நெற்றியெல்லாம் வியர்வை, தண்ணீர் கொடுத்ததும் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைக்காமலே சொன்னாள், என் மவளக் கிளாட்சனுக்குன்னு பேசியிருக்கு அக்கா, கோர்ட்டே விட்டுட்டுதே, பிறகென்னன்னு சொல்லுதாவ எங்க வீட்டுல, மவளும் சரின்னுட்டா, எனக்குத்தான் மனசு கேக்கல. தேவநேசம் சுவரில் சாய்ந்தாள். நான் என்ன சொன்னாலும் வயித்தெரிச்சல்ல சொல்லுதேன்னுதான நினைப்பிய. சுகிர்தம் இல்லை என்று தலையை ஆட்டினாள், அவனை உள்ள தள்ளுததுக்குக்கூடப் பொய் சொல்லாதவிய நீங்கன்னு கேள்விப்பட்டேன், அதான் வேற யாருகிட்டயும் போகல, உங்ககிட்ட வந்தேன். பிறகு தேவநேசம் சொன்னாள், கோர்ட்டில் யாரும் கேட்காததை, ரத்தினசிங்குக்கும் தெரியாததை. சாவதற்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு வந்த என் பிள்ளை திரும்பிப் போகிற அன்று, பெட்டியைக் கட்டிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு, இன்னும் ஒரு பத்து நாள் இங்கேயே இருக்கட்டுமாம்மா என்று கேட்டாள், ஊரு ஒரு மாதிரி பேசும், போ என்றேன், நான்தான் பெட்டியைத் தூக்கிப் பேருந்தில் வைத்தேன், அவள் ஜன்னல் வழியாகக் கை காட்டவில்லை. அவன் கொன்னதை நான் பார்க்கல, ஆனா போக மாட்டேன்னு சொல்லத் தெரியாத பிள்ளைய நான்தான் அனுப்பி வச்சேன், அது எனக்குத் தெரியும், உங்க மவ பெட்டி மேல உக்காந்தா அனுப்பாதிய. சுகிர்தம் எழுந்து வந்து தேவநேசத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், பிறகு குடையை விரிக்காமலே வெயிலில் இறங்கிப் போனாள்.

கல்யாணம் நின்றுவிட்டது என்று சேதி வந்தது, கொஞ்ச நாளில் கிளாட்சன் துபாய்க்குப் போய்விட்டான், அங்கே நன்றாக இருக்கிறான் என்றும் சொன்னார்கள். அந்த வருடம் ஒரு சாயங்காலம் ரத்தினசிங் வந்தான், மெலிந்து, தாடியெல்லாம் நரைத்து, வாசலிலேயே நின்றான், ஒரு பிள்ள தப்பிச்சுதாமே என்றான். ஆமா. அப்ப இதுதான் உன் ஆண்டவரு செஞ்ச நியாயமாக்கும். தேவநேசம் அவனைப் பார்த்தாள், பொய் சொல்ல எவ்வளவு சுலபமான இடம், ஆமாம் என்றால் அவனுக்கும் ஆறும் அவளுக்கும் ஆறும். இல்லல, என்றாள், அந்தப் பிள்ள பொழச்சது அந்தப் பிள்ளைக்கு, நம்ம பிள்ளைக்கு உள்ள நியாயம் இன்னும் வரல, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். அவன் உள்ளே வந்து அழுதான், அவளுக்கு அழுகை வரவில்லை.

இப்போதும் காலையில் எழுந்ததும் முட்டி போட முடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் ஜெபிக்கிறாள், நீளமான ஜெபமெல்லாம் எப்போதோ போய்விட்டது, ஒரே வரிதான், ஆண்டவரே, கிளாட்சனை உம்முடைய கையிலிருந்து விட்டுவிடாதேயும். சில நாள் அது சாபமாக வாயிலிருந்து புறப்படுகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள், மிகச் சில நாள், தானே எதிர்பாராமல், அப்படி இல்லாமல் அவனுக்கான மன்றாட்டாகவும் வருகிறது, எந்த நாளில் எது என்று அவள் பிரித்துப் பார்ப்பதில்லை, ஆமென் என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறாள்.