மூன்றாவது டிஸ்க்

மருத்துவமனையின் ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் சர்வர் அவள் பொறுப்பில் இருந்தது. பத்து நிமிட வேலை என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, காலையில் அதன் இயங்குதளத்தின் மையமான கெர்னலைப் புதுப்பித்து ரீஸ்டார்ட் கொடுத்தாள். பதினைந்தாவது நிமிடம் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. வால்யூமைத் திறக்க முடியவில்லை, மூன்றாவது டிஸ்க்கைக் காணவில்லை.

நான்கு டிஸ்க்குகளைக் கோத்து ஒரே வால்யூமாக வைத்திருந்தார்கள். ஒன்று போனால் மற்ற மூன்றும் வாய் திறக்காது. எழுந்து போய்ப் பெட்டியைப் பார்த்தாள். மூன்றாவது டிஸ்க் அதன் இடத்தில்தான் இருந்தது. பச்சை விளக்குகூட எரிந்தது.

போன் அடித்தது. ஸ்கேன் அறையில் வேலை பார்க்கும் அவளுடைய அண்ணி.

“ஒரு படமும் வரலம்மா. ஆபரேஷன் தியேட்டர்ல ஒருத்தரப் படுக்க வச்சுட்டுக் கேக்கறாங்க.”

“மயக்க மருந்து கொடுத்துட்டாங்களா அண்ணி?”

“இன்னும் இல்ல.”

“கொடுக்க வேண்டாம்னு சொல்லுங்க.”

பேக்கப்பைத் தேடினாள். அது மூன்று வாரம் முன்பே சத்தமில்லாமல் நின்றுபோயிருந்தது. அதற்குள் மேலாளர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். சர்வரை விற்றவர்களின் இன்ஜினியர் ஸ்பீக்கர் போனில் பேசினார்.

“காணாத டிஸ்க்கை லிஸ்ட்லேர்ந்து நீக்கிடுங்க மேடம். எரர் போயிடும்.”

“எரர் போயிடும் சார். படமும் சேர்ந்து போயிடுமே?”



“அவர்தான் சொல்றாரேம்மா, செஞ்சுடு” என்றார் மேலாளர்.

கட்டளையை அடித்து முடித்தாள். என்டர் தட்டுவதுதான் பாக்கி. டிஸ்க் இடத்தில் இருக்கிறது, விளக்கும் எரிகிறது; காலையில் மாறியது கெர்னல் மட்டும்தான். அடித்ததை அழித்துவிட்டு, பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து மறுபடி ரீஸ்டார்ட் செய்தாள்.

நான்கும் வந்தன.

“அப்பாடா. இனிமே இதுல கைய வைக்காதே” என்று சொல்லிவிட்டு மேலாளர் கிளம்பினார்.

தியேட்டருக்குப் படம் போய்ச் சேர்ந்தது. அவள் சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவான லாக்கைத் திறந்து படித்தாள். ஐந்து மாதமாக மூன்றாவது டிஸ்க் பதில் சொல்லத் திணறிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு நொடி, பிறகு பத்து, இப்போது நாற்பது. பழைய கெர்னல் காத்துக் காத்து, வெளியே மூச்சு விடாமல் சமாளித்து வந்திருக்கிறது. புதியது முப்பது நொடியோடு கைகழுவிவிட்டது.

யாரையும் கேட்காமல், பேக்கப் நின்ற நாளிலிருந்து சேர்ந்த படங்களைப் பக்கத்துச் சர்வருக்கு நகலெடுக்கத் தொடங்கினாள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களின் படங்களை முதலில் அனுப்பினாள். மதியம் இரண்டு மணிக்குப் பெட்டிக்குள்ளிருந்து நகம் தட்டுவதுபோல் ஒரு ஓசை வந்தது. இரண்டு இருபதுக்கு அதுவும் நின்றது. டிஸ்க் செத்துவிட்டது.

நகலெடுக்காமல் மிச்சமிருந்த நாற்பத்தொரு பேரின் படங்கள் போயின. அண்ணி பெயர்ப் பட்டியலோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“திரும்ப வரச் சொல்லணும். ஆளுக்குப் பாதியா கூப்பிடுவோமா?”

“இதோ வரேன் அண்ணி.”

நகலை வாங்கிக்கொண்ட சர்வரின் லாக்கை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு சர்வர்களும் ஒரே நாளில் ஒரே லாரியில் வந்து இறங்கியவை. திங்கட்கிழமையிலிருந்து அதன் இரண்டாவது டிஸ்க் ஒரு நொடி தாமதமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பட்டியலை அண்ணியிடமே விட்டுவிட்டு, அவள் மேலாளரின் அறைக்கு நடந்தாள்.